பூச்சின்னா பயமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள்!

"அம்மா... இந்தப் பட்டாம்பூச்சி செத்துப் போச்சா? தொட்டாக்கூட அசைய மாட்டேங்குது!"

கோவை சிங்காநல்லூர் குளக்கரை. காலை எட்டு மணி. என் சின்னவன் போட்ட சத்தத்தில் வாக்கிங் வந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்களைக் கூட்டி வந்திருந்த டீச்சரம்மா மட்டும் சிரித்தார். எங்கள் தெருக்காரர், தாவரவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர்.

"சாகலை கண்ணு. வெயிலுக்குக் காத்துட்டு இருக்குது. உடம்பு சூடாகாம அதால பறக்க முடியாது. கொஞ்சம் பொறு."

சொன்ன மாதிரியே, வெயில் இலை மேல் விழுந்ததும் அது இறக்கையை விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது. ஐந்தே நிமிடம்... பறந்தே போய்விட்டது! அதனால், பட்டாம்பூச்சி பார்க்க விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து ஓடவேண்டாம். டிபன் சாப்பிட்டுவிட்டே போகலாம். எட்டரையிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம்.

நாங்கள் போனது ஆசையால் அல்ல. சின்னவனுக்கு ஒரே வருடத்தில் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. கண் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "செல்போனைக் குறைங்க. தினமும் ரெண்டு மணி நேரமாவது பகல் வெளிச்சத்துல வெளியில இருக்கட்டும்." வெளி வெளிச்சத்தில் அதிக நேரம் இருக்கும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஏறிய பவர் இதனால் இறங்காது, அதையும் டாக்டரே சொல்லிவிட்டார். சரி, வெளியே அனுப்பலாம் என்றால் எனக்குப் பயம். போன வருடம்தான் டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பூச்சி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

புரட்டாசி, ஐப்பசிதான் இதற்கு ஏற்ற மாதங்களாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. கறுப்பில் நீலக் கோடு போட்டவை, வெள்ளைப் புள்ளி வைத்த காப்பிப்பொடி நிறத்தவை. கோவை அவற்றுக்கு வழியில் வரும் ஊர். கரையோரம் காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடி ஒன்றில் இருபதுக்கு மேல் மொய்த்துக்கொண்டிருந்தன. பூவே இல்லாத செடியில் என்ன வேலை?

"எல்லாம் ஆம்பளைங்க! அந்தச் செடியில ஒரு ரசாயனம் இருக்குது. அதை உறிஞ்சித்தான் பொண்ணை மயக்குற வாசனையைத் தயாரிக்குதுங்க" என்றார் டீச்சரம்மா. (என் கணவர் அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்!)

தண்ணீர் மேல் தட்டான்கள். வெளிர் மஞ்சளில் ஓயாமல் சுற்றிய ஒன்றைக் காட்டி, அந்த இனம் அக்டோபர், நவம்பரில் மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகிறது என்றார். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் 2009-ல் எழுதிய செய்தி இது. விரல் நீளம்கூட இல்லாத பூச்சி!

இப்படி அழைத்துப் போகும் தாய்மார்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எருக்கம் இலையில் கறுப்பு, மஞ்சள், வெள்ளைக் கோடு போட்ட புழுக்கள் இருக்கும். பார்க்கலாம், செடியை ஒடிக்கவிடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாமல் பார்வை மங்கலாம். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் ஓடுங்கள். அரளிச் செடியைத் தொட்ட கையோடு முறுக்கு தின்னக் கூடாது. கம்பளிப்பூச்சி ரோமம் ஒட்டினால் தேய்க்காமல், செலோடேப்பை ஒட்டி உரித்து எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ கைவைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

வீடு திரும்பினால், தெருச் சங்கத்திலிருந்து ஒரு மனு வந்திருந்தது. "டெங்கு பரவுகிறது. தெருக்கோடி காலி மனையில் உள்ள புதரை எரித்து மருந்து அடிக்க வேண்டும்." நான் பேனாவை எடுத்துவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தவள் அல்லவா!

"கையெழுத்துப் போடு, நான் தடுக்கலை. முதல்ல உன் மொட்டை மாடியைப் பார்த்துட்டு வந்து போடு" என்றார் டீச்சரம்மா.

எனக்குச் சுருக்கென்றது. என் வீடு பளிச்சென்று இருக்கும். ஆனாலும் ஏறினோம். பழைய பூந்தொட்டித் தட்டில் இரண்டு விரல் தண்ணீர். அதில் துள்ளிக்கொண்டிருந்தன கொசுப் புழுக்கள். கீழே ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டை உருவினால் அங்கேயும்! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குளத்தையும் சாக்கடையையும் தேடிப் போவதில்லை. நம் வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீர்தான் அதற்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு, ஓரத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை அல்ல. கூடவே தேனீயும் பட்டாம்பூச்சியும் போகும்.

போன வருடம் என் பிள்ளையைக் கடித்த கொசு எங்கே பிறந்ததோ... அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "டீச்சர் சொல்லிக் கொடுத்து அனுப்பிச்சாங்களாக்கும்?" என்று ஒருவர் நக்கலடித்தார். என் வீட்டு ஃப்ரிட்ஜ் தட்டைப் பற்றி நானே சொன்ன பிறகுதான் அடங்கினார். காலி மனையைப் போய்ப் பார்த்தோம். புதரில் அல்ல, அதற்குள் நாங்களே எறிந்திருந்த டயர், தேங்காய்ச் சிரட்டை, பிளாஸ்டிக் டம்ளரில்தான் தண்ணீரும் புழுவும். மூன்று மூட்டை அள்ளினோம். எருக்கு தப்பியது, இப்போதைக்கு. மனைக்காரர் தை பிறந்ததும் வீடு கட்டப் போகிறாராம்.

ஞாயிறுதோறும் குளக்கரை இப்போது வழக்கமாகிவிட்டது. 2017-ல் மாநகராட்சி இந்தக் குளத்தை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது என்ற சமாச்சாரமே இத்தனை நாள் பக்கத்தில் குடியிருந்த எனக்குத் தெரியாது! சின்னவன் ஒரு நோட்டுப் போட்டு, எந்தப் பூச்சி எந்தச் செடியில் என்று எழுதுகிறான்.

வீட்டுக் கறிவேப்பிலைத் தொட்டியில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று போன வாரம் துடைக்கப் போனேன். "அம்மா, அது புழு! பெருசானா பச்சையாயிடும்!" என்று கையைப் பிடித்துவிட்டான். குச்சியால் லேசாகத் தொட்டான். தலைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, குப்பென்று ஒரு வாடை விட்டது பாருங்கள்... நான் இரண்டடி தள்ளிப் போனேன்.

மொத்தம் ஐந்து இருக்கின்றன. தொட்டியில் பாதி இலை காலி. நேற்று ரசத்துக்குக் கறிவேப்பிலை பக்கத்து வீட்டில்தான் வாங்கினேன்.