ஒரே சொல் எல்லோருக்கும் பொருந்துமா?

நம் ஒவ்வொருவருக்கும் செல்லச் சொற்கள் சில உண்டு. வசனத்துக்கு வசனம் 'அதாவது' என்பவர்கள் இருக்கிறார்கள். 'உண்மையிலேயே' என்று தொடங்காமல் பேச முடியாதவர்களும் இருக்கிறார்கள். சொல்பவருக்கு இது தெரிவதில்லை, கேட்பவருக்குத்தான் தெரியும். இதனால் யாருக்கு என்ன தீங்கு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

குடும்பங்களைச் சந்தித்து, உதவிக்கான அறிக்கைகள் எழுதுவது எனது பணி. கணவரால் கைவிடப்பட்ட தாயொருவருக்காக எழுதிய அறிக்கையை, கையொப்பம் வாங்குமுன் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் சொன்னார்: "மிஸ், பாதிக்கப்பட்ட பெண், பாதிக்கப்பட்ட பெண் எண்டு எத்தினை தரம் எழுதியிருக்கிறியள்! அவர் ரெண்டு வருஷமாப் பிள்ளையளுக்கு ஒரு சதமும் தரேல்லை எண்டதை எங்கையும் காணேல்லையே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவு பழைய அறிக்கைப் பிரதிகளை எடுத்து, 'பாதிக்கப்பட்ட' என்ற சொல் வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் கோடிட்டேன். கோடு விழாத பக்கமே இல்லை. ஒருவருக்கு வீட்டில் அடி உதை. ஒருவருக்குச் செலவுப் பணம் இல்லை. இன்னொருவரின் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. மூவரையும் நான் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருந்தேன்.

ஆனால் மூவருக்கும் வழி ஒன்றல்ல. அடி உதைக்கு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். செலவுப் பணத்துக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தை நாட வேண்டும். நடந்தது என்னவென்று எழுதினால்தான் வாசிக்கும் உத்தியோகத்தருக்கு வழி தெரியும்.

ஒருவர் மீது சமூகம் ஒட்டும் பெயர், பிறர் அவரை நடத்தும் விதத்தையும் மாற்றிவிடுகிறது என்று, 1963இல் வெளிவந்த தமது நூலில் சமூகவியலாளர் ஹாவர்ட் பெக்கர் விளக்கினார். அவர் எழுதியது சமூக விதிகளை மீறியவர்கள் எனப்பட்டோரைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். அனுதாபத்தோடு ஒட்டும் பெயரும் பெயர்தான் என்பதை அந்தத் தாய்தான் எனக்கு உணர்த்தினார்.

சகோதரிகளே, இப்பழக்கத்தை நீங்களும் சோதித்துப் பாருங்கள். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொல் காதில் இடறும். உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்; "அம்மா எந்நாளும் சொல்றது" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பிறகு அச்சொல் வரும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, யார், என்ன, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். ஒத்த கருத்துச் சொல் தேட வேண்டாம். 'பாதிக்கப்பட்ட' என்பதை 'துன்பப்பட்ட' என்று மாற்றினால் ஒன்றும் மாறாது. சில இடங்களில் அச்சொல் தேவைதான். அங்கே அது இருக்கட்டும்.

'சோம்பேறி', 'பிடிவாதக்காரி' என்று நாம் பிள்ளைகளுக்கு அன்றாடம் சூட்டும் சொற்களையும் இப்படியே எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயின் அறிக்கையை நான் மீண்டும் எழுதினேன். முன்னையதில் பாதியளவுதான் வந்தது. வாசித்துக் காட்டியபோது அவர், "ஓம் மிஸ், இது நான்தான்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.