சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒரு சுற்றுப்போட்டி

ஆன்லைனில் தனித்தனியே ஆடிக்கொண்டிருக்கும் இளைஞர்களை ஒரு நாள், ஒரே விதிக்குள், ஒரே புள்ளிப் பட்டியலுக்குள் கொண்டுவருவதுதான் ஊர்ச் சுற்றுப்போட்டி. ஆட்டத்தை நிறுவனம் கொடுத்துவிடுகிறது. போட்டியை ஊர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இதில் பாதி பழகிய வேலை. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்ததும் டிவிஷனுக்கு டிவிஷன் மென்பந்து கிரிக்கெட் வைக்கும் ஆட்களுக்கு நுழைவுக் கட்டணம், சீட்டுக் குலுக்கல், நடுவர், கிண்ணம் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மைதானம் மட்டும் வேறு. அது எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டதா என்று நடுவர் ஓடிப்போய்ப் பார்க்க வழியில்லை.

இந்த வகைப் போட்டி தொடங்கியதும் ஏறக்குறைய இதே அளவில்தான். 1972 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்துக்கு நடந்த போட்டியே வீடியோ விளையாட்டுப் போட்டிகளில் முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஐந்து பேர் ஒரே திரையில் ஒருவரையொருவர் சுட்டுத்தள்ளும் பிரிவும் அதில் இருந்தது. பரிசு, 'ரோலிங் ஸ்டோன்' இதழின் ஓராண்டுச் சந்தா. அங்கிருந்து வளர்ந்த ஈ-ஸ்போர்ட்ஸ், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் கண்காட்சிப் போட்டியாகவும் 2023இல் ஹாங்சோவில் பதக்கப் போட்டியாகவும் இடம்பெற்றது. இலங்கை அரசு 2019இல் இதை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. கொழும்பிலிருந்து இயங்கும் கேமர் டொட் எல்கே என்ற அமைப்பு பாடசாலைகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அலுவலகங்களுக்கும் இடையே போட்டிகள் நடத்தி வந்திருக்கிறது. தோட்டத்தில் நடப்பது அதைவிடச் சிறியது. ஆனால் கணக்கு ஒன்றே.

முதல் முடிவு, எந்த ஆட்டம் என்பது. கையில் இருக்கும் போன்தான் இதைத் தீர்மானிக்கிறது. கணினி வேண்டும் ஆட்டம் லயத்துக்கு ஒத்துவராது. 2017இல் வெளிவந்த கரேனாவின் 'ஃபிரீ ஃபயர்' விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், ஓர் ஆட்டம் சுமார் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் என்பதால் பெரும்பாலும் அதுவே தேர்வாகிறது. 'பப்ஜி மொபைல்' ஒரே களத்தில் 100 பேரை இறக்குகிறது, கூடுதல் நேரமும் நல்ல போனும் கேட்கிறது. துப்பாக்கி ஆட்டமே வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது, லிசெஸ் தளத்தில் சதுரங்கப் போட்டி வைக்கலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை, டேட்டாவும் மிகச் சொற்பமே செலவாகும்.

ஃபிரீ ஃபயரில் போட்டிக்கென்று தனி அறை திறக்க வேண்டும்; ஆடுபவர்கள் அதை 'கஸ்டம் ரூம்' என்கிறார்கள். அணிக்கு 4 பேர், 12 அணி, மொத்தம் 48 பேர். அணிகள் இதற்கு மேல் சேர்ந்தால் இரண்டு பிரிவாக்கி, பிரிவுக்கு ஆறு அணியை இறுதிக்கு எடுப்பது வழக்கம். அணிகள் குறைவு என்றால் நால்வருக்கு நால்வர் மோதும் 'கிளாஷ் ஸ்குவாட்' பொருந்தும். அதை கிரிக்கெட்டைப் போலவே நொக்-அவுட்டாக நடத்தலாம்: 16 அணிக்கு 15 ஆட்டம் போதும். எல்லாரும் எல்லாரோடும் மோத வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் 120 ஆட்டம். தீபாவளி லீவு அதற்குக் காணாது.

புள்ளி கணக்கிடும் முறையை எல்லாருக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. சண்டை பெரும்பாலும் இங்கேதான் மூளும். பெரிய போட்டிகளில் பழகிய அட்டவணைப்படி முதலிடமாகிய 'பூயா'வுக்கு 12 புள்ளி, அடுத்து 9, 8, 7 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாம் இடத்துக்கு 1. கடைசி இரண்டு இடங்களுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொரு 'கில்'லுக்கும் கூடுதலாக 1 புள்ளி. ஆகவே மூன்று பேரை மட்டும் வீழ்த்தி, ஒளிந்திருந்தே பூயா அடித்த அணிக்கு 15 புள்ளி. நான்காம் இடத்தில் வெளியேறினாலும் ஒன்பது பேரை வீழ்த்திய அணிக்கு 16. "நாங்கதானே ஜெயிச்சோம்" என்ற கோபம் அங்கே கிளம்பும். ஒரே ஆட்டத்தில் அதிர்ஷ்டம் ஆளும் என்பதால் இறுதிச்சுற்றை ஆறு ஆட்டமாக வைத்துக் கூட்டுப்புள்ளி பார்ப்பதே முறை. ஆட்களைச் சேர்த்து அறைக்குள் ஏற்றும் நேரத்தோடு அதற்கு இரண்டரை மணித்தியாலம் பிடிக்கும்.

இனி சிக்னல். இந்தத் தோட்டங்கள் இருக்கும் சப்ரகமுவாவின் நிலம் மேடும் பள்ளமுமானது. மேல் டிவிஷனில் நான்கு கோடு காட்டும் போன், ஆற்றோரத்து லயத்தில் ஒன்றுமே காட்டாது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்லும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டத்தை இரத்தினபுரி மாவட்டத்தில்தான் முதலில் தொடங்கியது. டவர் வந்தாலும் மலை மறைக்கும் மூலைகள் மிச்சம் இருக்கின்றன. ஆட்டத்துக்கு வேண்டியது வேகத்தைவிடத் தாமதமின்மை. திரையின் ஓரத்தில் தெரியும் 'பிங்' எண், போன் சொன்னது சர்வரை அடைந்து பதில் திரும்பும் நேரத்தை மில்லி செக்கனில் காட்டுகிறது. 60 என்றால் நிம்மதி. 200ஐத் தாண்டினால் முதலில் சுட்டவனே விழுவான். எல்லாரையும் கோயில் மண்டபத்தில் கூட்டி ஒரே ரவுட்டரில் இணைப்பது பார்க்க அழகு, ஆனால் 48 போனும் சேர்ந்து அதை மூச்சுத்திணற வைத்துவிடும். அவரவர் சிம்மில், அவரவர்க்கு சிக்னல் வாய்த்த மேட்டில் இருந்து ஆடுவதே மேல். போட்டிக்கு முதல் நாள் ஒரு வெள்ளோட்டம் வைத்தால் எந்த வளைவில் எந்த சிம் செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும்.

நேரமும் மலைநாட்டுக் கணக்குதான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு விடியலில் தொடங்குகிறது. பல வீடுகளில் போன் ஒன்றே, அது அப்பாவின் சட்டைப்பையில் போய்விடும். ஞாயிறும் போயா நாளும் அதற்காகவே பொருத்தமானவை. மாலையில் வைக்கலாம் என்றால், தீபாவளி வரும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியும் மழையும் இறங்கும், கரண்டும் போகும். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிப்பது புத்திசாலித்தனம்.

நடுவரின் வேலை பெரும்பாலும் சரிபார்ப்பது. ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. பதிவின்போது அதை வாங்கி வைத்து, அறைக்குள் நுழைபவரின் எண்ணோடு ஒப்பிட்டால் ஆள்மாறாட்டம் பாதி நின்றுவிடும். அறை எண்ணையும் கடவுச்சொல்லையும் அணித்தலைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு மட்டும் போட வேண்டும். கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுவது, தானாகக் குறிபார்க்கும் ஹேக், இரண்டு அணி இரகசியமாகக் கைகோத்து மூன்றாவதை அடிப்பது, மூன்றும் நீக்கத்துக்குரிய குற்றங்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் என்ன என்பதும்தான். ஆட்டம் தொடங்கிய பிறகு ஒருவரின் சிக்னல் போனால் ஆட்டம் நிற்காது. அறையில் பாதிப்பேர் ஒரேயடியாக விழுந்தால் மறுஆட்டம். பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்தும் அணிகள் வருவதுண்டு என்பதால் விதித்தாள் இரு மொழியிலும் இருந்தால் வாக்குவாதம் குறையும்.

கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை. ஃபிரீ ஃபயர் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதன் விதிக்கு மாறாக நடத்தினால் அறையே கிடைக்காமல் போகலாம். அரசும் கதவடைக்கலாம். இந்தியா 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலையும் 2022 பெப்ரவரியில் ஃபிரீ ஃபயரையும் தடைசெய்தபோது, அங்கே போட்டி நடத்தியவர்கள் ஒரே நாளில் மைதானத்தை இழந்தார்கள். பணத்திலும் நிதானம் வேண்டும். நுழைவுக் கட்டணத்தை அப்படியே பரிசாக்கினால் சூதாட்டம் என்ற பேச்சு எழும். கட்டணம் இல்லாமல் வைத்து, ஊர்க் கடைக்காரரோ வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரோ தரும் கிண்ணத்தையும் ரீலோட்டையும் பரிசாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

பார்வையாளர்களுக்கென்று அறையில் தனி இடம் உண்டு. அதில் நுழைந்த ஒரு போனை மண்டபத்து புரொஜெக்டரோடு இணைத்தால் ஆடத் தெரியாத பாட்டியும் யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பார்க்கலாம். ஆடுபவர்கள் அந்தத் திரையைப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் முடிவுத் திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, முறையிட அரைமணி நேரம் விட்டு, பிறகுதான் புள்ளியைப் பலகையில் ஏற்ற வேண்டும். ஏற்றிய புள்ளியை மாற்றுவதில்லை.