பதவியைத் துறந்த தலைமை நீதிபதி

இராம நவமியை ஒட்டிப் பெருமாள் கோயில் பெருந்திருவிழா நடைபெறும் எங்கள் கல்லங்குறிச்சி வட்டாரத்தில், நாகூர் தந்த நீதியரசர் மர்ஹூம் மு.மு. இஸ்மாயில் அவர்களைக் கம்பராமாயண அறிஞராக அறிந்தோரே மிகுதி. சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய அவர், வாலி வதையை ஒரு நீதிபதியின் கண்கொண்டு ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஆயின் அவரது நீதித்துறை வாழ்வு, குறிப்பாக அது முடிவுற்ற விதம், நம் மாணவர்களுக்குக்கூடச் சரிவரத் தெரியவில்லை.

1921இல் பிறந்த இஸ்மாயில், 1967இல் டில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, அவ்வாண்டே சென்னைக்கு வந்தார். நெருக்கடிநிலையின்போது, 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அடித்தோர் அரசின் காவலில் இருந்தோரைக் காக்க வேண்டியவர்கள். அடிபட்டோர் வழக்கு விசாரணையே இன்றி அடைக்கப்பட்டவர்கள். தாக்குதல் நடந்தது உண்மையே என்று அவரது அறிக்கை பதிவு செய்தது. 1979 நவம்பரில் தலைமை நீதிபதியானார். மறு ஆண்டு சில நாட்கள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார்.

1981 ஜனவரியில் அவரைக் கேரளத்திற்கும், பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங்கைச் சென்னைக்கும் மாற்றி ஆணை பிறந்தது. அரசமைப்பின் 222ஆம் பிரிவு, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தபின் இவ்வாறு மாற்றக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் அளிக்கிறது. மாற்றப்படும் நீதிபதியின் இசைவு தேவையில்லை, பொதுநலனே அளவுகோல் என்று 1977இலேயே உச்சநீதிமன்றப் பெரும்பான்மை கூறியிருந்தது. எது பொதுநலன், எது தண்டனை என்பதை ஆணையின் வாசகத்திலிருந்து அறிய முடியாது. இடர் அங்கேதான் இருக்கிறது. நாளை எங்கு அனுப்பப்படுவோம் என்று அஞ்சும் நீதிபதியின் பேனா தயங்கும்.

சிங் தமது மாற்றத்தை எதிர்த்து வாதாடினார். 1981 டிசம்பர் 30இல் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. இஸ்மாயில் அவ்வழி செல்லவில்லை. தம் பொருட்டு எவரும் வழக்காட வேண்டாம் என உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தந்தார். கேரளத்திற்கும் செல்லாமல், ஜூலையில் பதவி விலகினார். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டுக்குமேல் இருந்தது.

போயிருக்கலாமே, பதவியும் ஊதியமும் குறையாவே என்பார் உளர். வழக்காடியிருந்தால் சட்டத்திற்கேனும் பயன் விளைந்திருக்கும் என்பது இன்னும் வலுவான வாதம். அதை நான் எளிதில் தள்ளமாட்டேன். எனினும் தம் வழக்கைத் தம் உடன் நீதிபதிகள் முன் வைக்க ஒருவர் கூசுவதும் நீதியுணர்வில் சேர்ந்ததே.

காழியைக் காரணமின்றி ஆட்சியாளர் நீக்கலாமா என்பதில் ஃபிக்ஹ் அறிஞர்கள் வேறுபட்டுள்ளனர். இமாம் அபூஹனீஃபா, கலீஃபா மன்சூர் அளித்த காழிப் பதவியை மறுத்துச் சிறை சென்றார். அவருடைய மாணவர் அபூயூசுஃபோ ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமைக் காழியாக அமர்ந்தார். இருவரையும் சமுதாயம் இமாம்களாகவே போற்றுகிறது. இஸ்மாயில் அவர்களோ பதவியை ஏற்றுத் திறம்பட நடத்தி, பிறகு தாமே இறங்கியவர்.

1993இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, நியமனத்தைப் போலவே இடமாற்றத்திலும் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்போது இஸ்மாயில் அவர்கள் பதவி துறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2005 ஜனவரியில் அவர் காலமானார்.