கூடைப்பந்து அரங்கில் ஓர் ஒலிப் பாடம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் மெம்பிஸ். இசைக்குப் பெயர் பெற்ற ஊர் அது. கறுப்பின மக்களின் உழைப்பிலும் துயரத்திலும் பிறந்த ‘ப்ளூஸ்’ என்னும் பாட்டு வகை இங்கேதான் தழைத்தது. இந்நகரின் பீல் தெருவை ‘ப்ளூஸ் இசையின் இல்லம்’ என்று அமெரிக்க நாடாளுமன்றம் 1977ஆம் ஆண்டில் அறிவித்துப் பெருமைப்படுத்தியது.

அந்தப் பீல் தெருவிலேயே, நகரின் மையப் பகுதியில், 2004ஆம் ஆண்டில் ஒரு பெரிய உள்ளரங்கு திறக்கப்பட்டது. அதன் பெயர் ஃபெட்எக்ஸ்ஃபோரம். ‘மெம்பிஸ் கிரிஸ்லீஸ்’ என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் சொந்தக் களம் இது. ஏறத்தாழ 18,000 பேர் அமர்ந்து ஆட்டம் பார்க்கலாம். நகரின் இசை வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம் ஒன்றும் அதே ஆண்டில் இந்த வளாகத்துக்கு இடம் மாறி வந்தது.

மாணவ நண்பர்களே! கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்க்கக் கண்கள் போதும். நாமோ இன்று காதுகளைத் தீட்டிக்கொண்டு இந்த அரங்குக்குள் நுழையப் போகிறோம்.

இத்தகைய அரங்கில் ஒருநாள் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும். மற்றொரு நாள் இசை நிகழ்ச்சி நடக்கும். ஆட்டம் பார்க்க வருபவர்களுக்குக் கூரை அதிரும் ஆரவாரம் வேண்டும். இசை கேட்க வருபவர்களுக்கு ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்க வேண்டும். இவ்விரண்டையும் விட முக்கியமான தேவை ஒன்று உண்டு. தீ விபத்து போன்ற ஆபத்து நேர்ந்தால், ‘இந்த வாயில் வழியே வெளியேறுங்கள்’ என்ற அறிவிப்பு 18,000 பேருக்கும் சொல் பிசகாமல் புரிய வேண்டும். ஒரே கட்டிடம் இந்த மூன்று தேவைகளையும் எப்படி நிறைவேற்றும்? இதற்கு விடை காண, முதலில் இதே நகரிலுள்ள ஒரு சிறிய அறைக்குப் போய் வருவோம்.

வேண்டிப் பெற்ற எதிரொலி

அரங்கிலிருந்து சிறிது தொலைவில், யூனியன் அவென்யூ என்னும் சாலையில், சன் ஒலிப்பதிவுக்கூடம் இருக்கிறது. சாம் ஃபிலிப்ஸ் என்பவர் 1950ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். ஒலிப்பதிவு அறை நம் வகுப்பறை அளவுதான் இருக்கும். 1954ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 19 வயது எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டுக்கான பாட்டை இங்கேதான் பாடினார்.

சிறிய அறையில் எதிரொலி கேட்காது. இதன் காரணத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஓர் ஒலி நம் காதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வினாடி நேரம் நிலைத்து நிற்கிறது. அதற்குள் திரும்பி வரும் ஒலியை நாம் தனியாகப் பிரித்தறிய முடியாது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி காற்றில் வினாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. எனவே சுவர் குறைந்தது 17 மீட்டர் தொலைவிலாவது இருந்தால்தான் எதிரொலி கேட்கும்.

ஆனால் ஃபிலிப்ஸின் இசைத்தட்டுகளில் ஒரு தனித்த எதிரொலி கேட்கிறது. அவர் அதை ஒலி நாடாவைக் கொண்டு உண்டாக்கினார். ஒலிப்பதிவுக் கருவியில் பதியும் தலை, படிக்கும் தலை என இரண்டு தலைகள் சற்று இடைவெளியில் இருக்கும். நாடா முதல் தலையைக் கடந்து இரண்டாம் தலையை அடைய ஒரு கணம் பிடிக்கும். இரண்டாவது கருவி ஒன்றில் இவ்வாறு பிந்தி வரும் ஒலியை எடுத்து, நேரே வரும் குரலோடு கலந்தார் ஃபிலிப்ஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைகளுக்கு இடையே 2 அங்குலம், நாடாவின் வேகம் வினாடிக்கு 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பிந்தும் நேரம் 2 ÷ 15, அதாவது சுமார் 0.13 வினாடி. இந்த நேரத்தில் ஒலி ஏறத்தாழ 46 மீட்டர் போய்விடும். 23 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் இருந்தால் இதே எதிரொலி கிடைத்திருக்கும். சின்னஞ்சிறு அறைக்குள் இருந்துகொண்டு, 23 மீட்டர் தள்ளி ஒரு சுவரைக் கட்டிவிட்டார் ஃபிலிப்ஸ்!

கேளாமல் வரும் எதிரொலி

இப்போது கூடைப்பந்து அரங்குக்குத் திரும்புவோம். ஆட்டக்களத்தின் நீளம் 94 அடி, அகலம் 50 அடி. அதாவது சுமார் 28.7 மீட்டருக்கு 15.2 மீட்டர். இதைச் சுற்றி நாற்புறமும் இருக்கைகள் அடுக்கடுக்காக உயர்ந்து செல்கின்றன. களத்திலிருந்து 23 மீட்டர் தொலைவில் சுவர் வேண்டுமா? அதைப் போல் இரு மடங்கு தொலைவிலும்கூடச் சுவர் உண்டு. ஃபிலிப்ஸ் பாடுபட்டு உண்டாக்கிய எதிரொலி இங்கே கேளாமலே வந்து சேர்கிறது.

அதுவும் ஒன்றல்ல. கூரை, சுவர், மாடி முகப்பு, கண்ணாடி என எல்லாப் பரப்புகளிலிருந்தும் எதிரொலிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. அவை தனித்தனியே கேட்பதில்லை. ஒலி மூலம் நின்ற பிறகும் ஓசை சிறிது நேரம் நீடித்து மெல்லத் தேய்கிறது. இதை ‘எதிர்முழக்கம்’ என்கிறோம். ஒலியின் அளவு 60 டெசிபெல் குறைய ஆகும் நேரமே எதிர்முழக்க நேரம்.

இது சில வினாடிகள் நீண்டால் என்ன ஆகும்? நாம் வினாடிக்கு நான்கைந்து அசைகள் பேசுகிறோம். முதல் சொல் அடங்குமுன் அடுத்த பல சொற்கள் வந்துவிடும். அறிவிப்பாளர் சொல்வது வெறும் ‘ஓ’ என்ற இரைச்சலாகவே கேட்கும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. சொல்லின் சத்தம் கூடும் அளவுக்கு எதிர்முழக்கமும் கூடிவிடும்.

மெத்தைகளைக் கொண்டு கண்ட விதி

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர் வாலஸ் ஸபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இளம் இயற்பியல் ஆசிரியர். அங்கே ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல் அடங்கச் சுமார் ஐந்தரை வினாடி பிடித்தது. பாடம் நடத்தவே முடியவில்லை. 1895ஆம் ஆண்டில் அதைச் சரிசெய்யும் பொறுப்பு ஸபைனிடம் வந்தது. ஊர் உறங்கிய பின், ஓர் ஆர்கன் குழாயும் நிறுத்து கடிகாரமும் கொண்டு அவர் சோதனைகள் செய்தார். வேறோர் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து, சிறிது சிறிதாகக் கூட்டி அடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதி இதுதான்:

எதிர்முழக்க நேரம் = 0.16 × அரங்கின் கன அளவு ÷ மொத்த உட்கவர்பு.

கன அளவைக் கன மீட்டரிலும், உட்கவர்பைச் சதுர மீட்டரிலும் கணக்கிட வேண்டும். ஒலியை முழுவதும் விழுங்கிவிடும் திறந்த சன்னலின் உட்கவர் எண் 1. ஒரு பரப்பின் உட்கவர் எண் 0.1 என்றால், தன்மேல் விழும் ஒலியாற்றலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அது விழுங்குகிறது. மற்றதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நீளம் 100 மீட்டர், அகலம் 80 மீட்டர், உயரம் 30 மீட்டர் உள்ள ஒரு பெட்டி போன்ற அரங்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதன் கன அளவு 2,40,000 கன மீட்டர். தரை, கூரை, சுவர்களின் மொத்தப் பரப்பு 26,800 சதுர மீட்டர். எல்லாமே உட்கவர் எண் 0.1 உள்ள கடினப் பரப்புகள் என்றால் மொத்த உட்கவர்பு 2,680. எதிர்முழக்க நேரம் 14 வினாடிக்கும் மேல்!

இப்போது 18,000 பேரை உள்ளே அனுப்புவோம். உடையணிந்த மனிதர் நல்ல ஒலி விழுங்கி. ஒருவருக்கு 0.4 சதுர மீட்டர் என்று கொண்டால், உட்கவர்பு 7,200 கூடி 9,880 ஆகும். நேரம் 3.9 வினாடியாகக் குறையும். அடுத்து, கூரையின் அடிப்புறத்தில் துளையிட்ட தகடும் அதன் பின்னே கனிமப் பஞ்சும் வைத்து, அதன் உட்கவர் எண்ணை 0.7 ஆக உயர்த்துவோம். உட்கவர்பு இன்னும் 4,800 கூடும். நேரம் 2.6 வினாடிக்கு வந்துவிடும். பெரிய அரங்குகளின் கூரையில் இத்தகைய பொருள்களைப் பொருத்துவது இதற்காகவே. மெத்தை வைத்த இருக்கைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இருக்கை காலியாக இருந்தாலும் ஓரளவு ஆள் அமர்ந்திருப்பது போலவே அது ஒலியை விழுங்கும்.

ஆனால் மெத்தையும் பஞ்சும் எல்லா ஒலிகளையும் சமமாக விழுங்குவதில்லை. ‘ஸ்’ என்னும் ஒலியின் அதிர்வெண் 5,000 ஹெர்ட்ஸ் எனில், அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். அதைப் பஞ்சு எளிதில் அடக்கிவிடும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி எழுப்பும் ஒலியோ சுமார் 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். அத்தனை நீண்ட அலைக்குச் சில சென்டிமீட்டர் பஞ்சு ஒரு பொருட்டே அல்ல. பெரிய அரங்குகளின் இசை நிகழ்ச்சிகளில் தாழ்ந்த சுரங்கள் குழம்பி ஒலிப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அரங்கின் வடிவமும் கவனிக்கத்தக்கது. மெம்பிஸில் ஸ்டாக்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனம் 1960ஆம் ஆண்டில் ஒரு பழைய திரையரங்கை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியது. இருக்கைகளை அகற்றிய பின்னும் தரை சாய்வாகவே இருந்தது. எதிரெதிரான இரு பரப்புகள் இணையாக இருந்தால் ஒலி அவற்றினிடையே பந்து போல் முன்னும் பின்னும் துள்ளும். சாய்ந்த தரையில் இது குறைகிறது. ஸ்டாக்ஸ் இசைத்தட்டுகளின் தனி ஒலிக்கு அந்தச் சாய்தளமும் ஒரு காரணம் என்பார்கள். கூடைப்பந்து அரங்கின் சாய்வான இருக்கை வரிசைகளும் கூரைக்கு இணையாக இருப்பதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முள்ளை முள்ளால் எடுத்தல்

இன்னும் ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. களத்துக்கு மேலே ஒலிபெருக்கிகள் தொங்குகின்றன. 60 மீட்டர் தள்ளி மேல்வரிசையில் இருப்பவருக்கு அந்த ஒலி போய்ச்சேர 0.175 வினாடி ஆகும். அவருக்கு ஒலி குறைவாகக் கேட்கும் என்பதால், அவருக்கு 10 மீட்டர் அருகே வேறோர் ஒலிபெருக்கியை வைக்கிறார்கள். அதன் ஒலி 0.03 வினாடியில் வந்துவிடும். ஆக, ஒரே சொல் அவருக்கு இருமுறை கேட்கும். பேச்சைப் பொறுத்தவரை, ஏறத்தாழ 0.05 வினாடிக்கு மேல் பிந்தி வரும் பலத்த ஒலியே தெளிவைக் கெடுக்கத் தொடங்கிவிடும்.

என்ன செய்யலாம்? அருகிலுள்ள ஒலிபெருக்கியை வேண்டுமென்றே சுமார் 0.15 வினாடி பிந்திப் பேச வைக்கிறார்கள். இரண்டு ஒலிகளும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்ந்து, காதில் ஒரே சொல்லாகின்றன. கவனித்தீர்களா? ஃபிலிப்ஸ் நாடாவைக் கொண்டு உண்டாக்கியதும் கிட்டத்தட்ட இதே அளவு தாமதம்தான். அன்று எதிரொலியை உண்டாக்கப் பயன்பட்ட தாமதம், இன்று எதிரொலியை ஒழிக்கப் பயன்படுகிறது. நாடாவுக்குப் பதிலாக மின்னணுச் சுற்று வந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

ஆரவாரத்தின் கணக்கு

கூரையும் இருக்கைகளும் இவ்வளவு ஒலியை விழுங்கிய பிறகும் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஒருவர் கத்துவதற்குப் பதில் அதே தொலைவிலிருந்து இருவர் கத்தினால் ஒலியளவு 3 டெசிபெல் கூடும். 18,000 பேர் கத்தினால் சுமார் 43 டெசிபெல் கூடும். 2017ஆம் ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கில், ரசிகர்களின் கூச்சல் 130.4 டெசிபெல் என்று அளக்கப்பட்டு உலக சாதனையாகப் பதிவானது.

இது பெருமைப்படத்தக்க எண் அன்று. நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்க 85 டெசிபெல்தான் எல்லை என்று அமெரிக்கத் தொழில் நலவியலார் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி 100 டெசிபெல்லுக்கு 15 நிமிடமே எல்லை. கூடைப்பந்து ஆட்டமோ இடைவேளைகளுடன் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நடக்கும். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே அரங்குக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்பவர்கள் காதடைப்பான்களையும் எடுத்துச் செல்வது நல்லது. நம் ஊர்த் திருவிழா ஒலிபெருக்கியின் முன் நிற்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

செய்து பாருங்கள்

பெரிய வெற்றுச் சுவர் ஒன்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சீராகக் கைதட்டுங்கள். இரண்டு தட்டல்களுக்குச் சரிபாதியில் எதிரொலி விழும்வரை தட்டும் வேகத்தை மாற்றுங்கள். பிறகு ‘பூச்சியம்’ என்று தொடங்கி 20 வரை எண்ணித் தட்டுங்கள். நண்பர் நிறுத்து கடிகாரத்தில் நேரம் பார்க்கட்டும். ஏறத்தாழ 11½ வினாடி வர வேண்டும். அந்த நேரத்தில் ஒலி 100 மீட்டர் தூரத்தை 40 முறை கடந்திருக்கும். இதிலிருந்து ஒலியின் வேகத்தை நீங்களே கணக்கிடலாம்.

பின்னர் சுவரை நோக்கி நடந்து, 23 மீட்டரில் நின்று ஒரே ஒரு முறை தட்டுங்கள். சாம் ஃபிலிப்ஸ் நாடாவில் உண்டாக்கிய அந்த 0.13 வினாடி எதிரொலி உங்கள் காதிலும் விழும்.