மேடை சமைப்பவரின் அளவுக்கு: வாடகை வீட்டில் உடல் நோகாமல் சமைப்பதற்கான வழிகாட்டி

அமீரகத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. அவ்வீடுகளின் சமையலறை, அதில் யார் நின்று சமைக்கப் போகிறார் என்பது தெரியாமலேயே கட்டப்பட்டது. காலைச் சிற்றுண்டி, மதிய உணவுப்பெட்டி, இரவு உணவு என நாள்தோறும் சில மணி நேரத்தை அங்கே செலவிடுவோர் தோள்வலி, கழுத்துவலி, இடுப்புவலி ஆகியவற்றை வயதின் விளைவாக எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். அவ்வலிக்கு மேடையின் உயரமும் பொருள்கள் வைக்கப்பட்டுள்ள இடமும் காரணமாக இருக்கக்கூடும். வாடகை வீட்டின் மேடையை இடித்துக் கட்ட இயலாது. எனினும் பெருஞ்செலவின்றியும் சட்டச் சிக்கலின்றியும் செய்யத்தக்க மாற்றங்கள் பல உள்ளன. அவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முழங்கையே அளவுகோல்

சமையல் மேடையின் உயரத்தை முடிவு செய்யவேண்டியது சமைப்பவரின் முழங்கை. நிமிர்ந்து நின்று, தோளைத் தளர்த்தி, முன்கையைத் தரைக்கு இணையாக மடித்து, முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று அளந்துகொள்ள வேண்டும். காய்கறி நறுக்குதல் போன்ற பொதுவான வேலைக்கு மேடை அதைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்ந்திருப்பது நலம். மாவு பிசைதல், சப்பாத்தி தேய்த்தல் போன்ற அழுத்தம் தேவைப்படும் வேலைக்கு இன்னும் தாழ்ந்த பரப்பு வேண்டும்.

150 செ.மீ. உயரமுள்ள ஒருவரின் முழங்கை ஏறக்குறைய 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். அவருக்கு உகந்த மேடை 80 முதல் 85 செ.மீ. வரை. இங்குள்ள வீடுகளில் பரவலாகக் காணப்படும் மேடையோ ஏறக்குறைய 90 செ.மீ. அதன்மேல் 10 செ.மீ. உயரமுள்ள அடுப்பையும், அடுப்பின்மேல் 20 செ.மீ. உயரமுள்ள பாத்திரத்தையும் வைத்தால், பாத்திரத்தின் வாய் 120 செ.மீ. உயரத்தில் நிற்கும். அது கிட்டத்தட்ட அவருடைய தோளின் மட்டம். சாம்பாரைக் கிளறும் ஒவ்வொரு முறையும் அவர் கையைத் தோளுக்கு மேல் தூக்குகிறார் என்பதே இதன் பொருள். 180 செ.மீ. உயரமுள்ளவருக்கு இதே மேடை தாழ்வானது. அவர் குனிந்து நறுக்குவதால் இடுப்பு நோகும்.

உயரத்தைச் சரிசெய்யும் வழிகள்

முதலாவது வழி, வேலைகளைப் பிரித்துக்கொள்வது. உணவு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவு உயரம் உடையவை. உயரம் குறைந்தவர் மாவு பிசைவதற்கும் சப்பாத்தி தேய்ப்பதற்கும் அம்மேசையே சமையல் மேடையைவிட ஏற்றது. கீரை ஆய்தல், வெங்காயம் உரித்தல், தேங்காய் துருவுதல் ஆகியவற்றை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். அரிவாள்மணையும் அம்மியும் புழங்கிய நம் பழைய அடுக்களையில் பாதி வேலை உட்கார்ந்தே நடந்தது. மேடைச் சமையலறை வந்த பின்னரே எல்லாவற்றையும் நின்று செய்யும் வழக்கம் ஏற்பட்டது.

உட்கார்ந்து வேலை செய்வது சோம்பலின் அடையாளம் என்று எண்ண வேண்டியதில்லை. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகராட்சி, தொழிலாளர் குடும்பங்களுக்கான வீட்டுவசதித் திட்டத்திற்குச் சமையலறை வடிவமைக்கும் பொறுப்பை மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தது. அவர் வடிவமைத்த அறையின் பரப்பு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் மட்டுமே. அச்சிறு அறையிலும் சன்னலோரம் ஒரு வேலைப்பலகையையும், உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி ஒன்றையும் அவர் அமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அவ்வடிவம் இடம்பெற்றது.

இரண்டாவது வழி, நிற்கும் இடத்தை உயர்த்துவது. 8 முதல் 10 செ.மீ. உயரமுள்ள அகன்ற மரப்பலகையை மேடையின் முன்னே இடலாம். அது அடுப்பிலிருந்து நறுக்கும் இடம் வரை நீண்டதாகவும், அசையாததாகவும், வழுக்காத மேற்பரப்பு உடையதாகவும் இருக்கவேண்டும். அதன் விளிம்பில் பளிச்சிடும் நிற நாடா ஒட்டுவது நலம். சிறிய முக்காலியின்மேல் ஏறி நின்று கொதிக்கும் எண்ணெயைக் கையாளுதல் கூடாது. முதியோரும் கருவுற்றவர்களும் இவ்வழியைத் தவிர்த்தல் நலம்.

மூன்றாவது வழி, உயரமான பாத்திரங்களுக்குத் தாழ்ந்த அடுப்பு. உறுதியான தாழ்ந்த மேசையின்மேல் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துப் பெரிய பாத்திரங்களை அதில் ஏற்றலாம். காந்தம் ஒட்டும் பாத்திரங்களே அவ்வடுப்பில் சூடேறும். பித்தளையும் வெறும் அலுமினியமும் பயன்படா. உயரமானவர்களோ தடித்த நறுக்குபலகை ஒன்றை மேடையின்மேல் வைத்தாலே குனிவது குறையும்.

நடையும் எட்டும் தூரமும்

அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் சேர்ந்து ஏறக்குறைய 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளிலிருந்து பரவிய வழிமுறை. இங்குள்ள சிறிய சமையலறைகளில் தூரம் பெரிய இடர் அன்று. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க இடமில்லாமையே இடர். சோறு வடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட மேடைப்பகுதியை எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியுள்ள பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் வழியில் குழந்தைகள் குறுக்கிடலாகாது.

பொருள்களை அடுக்குவதற்கு விதி எளிது. நாள்தோறும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையே. கனமானவை இடுப்பு மட்டத்தில். ஆண்டுக்கு ஓரிருமுறை எடுக்கும் இலேசான பொருள்கள் மட்டும் மேல் அலமாரியில். மேசைக் கிரைண்டர் பத்துக் கிலோவைத் தாண்டும். அதை ஒவ்வொரு முறையும் கீழ் அலமாரியிலிருந்து தூக்குவதைவிட, நிலையான ஓரிடத்தில் வைத்துத் துணியால் மூடுவது முதுகுக்கு நல்லது. அரிசி மூட்டையை அவிழ்த்துச் சிறு டப்பாக்களில் கொட்டி வைக்கலாம். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருந்தால் நறுக்கும் இடத்தில் நிழல் விழும். மேல் அலமாரியின் அடியில் ஒட்டக்கூடிய பேட்டரி விளக்கு அக்குறையைத் துளையிடாமலே நீக்கும்.

வெப்பம், எரிவாயு, மின்சாரம்

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்குவதற்குத் தடை உள்ளது. குளிர்சாதனம் இல்லாத அடைபட்ட சமையலறையில் அதே நேரத்தில் அடுப்பின் முன் நிற்பவருக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. குடும்பமே அதை வகுத்துக்கொள்ள வேண்டும். கோடையில் மதியச் சமையலைக் காலையிலேயே முடித்தல், தண்ணீரை அருகில் வைத்தல், கதவைத் திறந்து வைத்தல் ஆகியவை உதவும். அடுப்பின் மேலுள்ள புகைப்போக்கி, காற்றை வெளியேற்றும் வகையா, வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் வகையா என்று கேட்டறிய வேண்டும். அதன் வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்தால் தீப்பற்றக்கூடும். அதைத் தவறாமல் கழுவ வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். ஆகவே காற்றுப்போக்கிற்கான கீழ்த்துளைகளை அடைக்கக்கூடாது. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்கவேண்டும். வாசனை வந்தால் மின்விசைகளைத் தொடாமல் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியேறிய பின் குடிமைப் பாதுகாப்புத் துறையை 997 என்னும் எண்ணில் அழைக்க வேண்டும். எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

இங்குள்ள மூன்று முனைச் செருகிகள் 13 ஆம்பியர் அளவுடையவை. ஏறக்குறைய 3,000 வாட் வரையே அவை தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பையும் மின்கெண்டியையும் ஒரே நீட்டுக்கம்பியில் இணைத்தால் அவ்வரம்பு மீறப்படும்.

சட்டம் கூறுவது

துபாயில் 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் வாடகைச் சட்டம், 2008ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டத்தின் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியும் உரிய அலுவலகங்களின் உரிமமும் பெறாமல் வாடகைதாரர் வீட்டில் மாற்றங்கள் செய்யக்கூடாது. மேடையைத் தாழ்த்துதல், அலமாரியை அகற்றுதல், எரிவாயுக் குழாயை இடம் மாற்றுதல் ஆகியவை இதில் அடங்கும். நாத்தூர் எனப்படும் கட்டடக் காவலரின் வாய்மொழிச் சம்மதம் உரிமையாளரின் அனுமதி ஆகாது. 23ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், தம் செலவில் பொருத்திய நிலையான மேம்பாடுகளைக் காலிசெய்யும்போது வாடகைதாரர் பெயர்த்துச் செல்ல இயலாது. ஆகவே அனுமதிக் கடிதத்திலேயே இதனைத் தெளிவாக எழுதிப் பெறவேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, வேறு உடன்பாடு இல்லையெனில் அது உரிமையாளரின் கடமை என்று 16ஆம் பிரிவு கூறுகிறது. சிறு பழுதுகளை வாடகைதாரரின் பொறுப்பில் விடும் ஒப்பந்தங்கள் பல உண்டு என்பதால், அவ்வாசகத்தைப் படித்தறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். பிணக்குகளை வாடகைப் பிணக்குத் தீர்வு மையம் விசாரிக்கிறது. அபுதாபி, ஷார்ஜா முதலிய அமீரகங்களுக்கும் ஏனைய வளைகுடா நாடுகளுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உள்ளன.

கையெழுத்திடும் முன்

வீடு பார்க்கச் செல்லும்போது நாள்தோறும் சமைப்பவரும் உடன் செல்லவேண்டும். அவர் மேடையின்முன் நின்று முழங்கை அளவை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மேல் அலமாரியைக் கைநீட்டித் திறக்கட்டும். குழாயைத் திருகி, புகைப்போக்கியை இயக்கி, மின்செருகுமிடங்களை எண்ணட்டும். குடிபுகும் நாளில் சமையலறையைப் பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், காலிசெய்யும்போது பழைய பழுதுக்குப் பொறுப்பேற்க நேராது. வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்றும், வழக்கமான தேய்மானம் அதற்கு விலக்கு என்றும் துபாய்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. கையில் மரமரப்பு, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி, காலுக்கு இறங்கும் இடுப்புவலி ஆகியவை இருப்பின், மேடையைச் சரிசெய்வதோடு நில்லாமல் மருத்துவரை அணுகவேண்டும்.