அறுவை அரங்கில் எக்ஸ்ரே: மருத்துவர் ஏன் ஈயக் கவசம் அணிகிறார்?

எலும்பு முறிவுக்கான அறுவை சிகிச்சையில், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் ஊசி பல நேரங்களில் போடப்படுகிறது. நோயாளி விழித்தே இருப்பார். மருத்துவரும் செவிலியரும் கனமான கவச உடை அணிவதையும், எக்ஸ்ரே எடுக்கும்போது சிலர் விலகி நிற்பதையும் அவர் காண்பார். "அவர்களுக்கே கவசம் தேவையென்றால், கவசமின்றிப் படுத்திருக்கும் எனக்கு என்ன ஆகும்?" என்ற அச்சம் எழுவது இயல்பே. அந்தக் கேள்விக்கான விடை இங்கே விளக்கப்படுகிறது.

சி-ஆர்ம் கருவி எதற்கு?

சி-ஆர்ம் என்பது ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்த கையுடைய எக்ஸ்ரே கருவி. ஒரு முனையிலிருந்து கதிர் வெளிப்படும். மறுமுனை அதைப் பெற்றுத் திரையில் படமாகக் காட்டும். எலும்பினுள் ஆணி பொருத்துதல், முதுகெலும்பில் திருகு பொருத்துதல், முதுகின் வழியாகச் சிறுநீரகக் கல்லை அகற்றுதல் போன்ற சிகிச்சைகளுக்கு இது உதவுகிறது. உள்ளே நடப்பதைத் திரையில் காண முடிவதால் சிறிய கீறலே போதுமானதாகிறது. திருகு தவறான இடத்தில் அமையும் வாய்ப்பும் குறைகிறது.

மருத்துவரைச் சேரும் கதிர் எது?

கருவியிலிருந்து வரும் நேர்க்கதிர் நோயாளியின் உடலில் ஒரு சிறு பகுதி வழியாக மட்டுமே செல்கிறது. அதன் ஒரு பங்கு உடலில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. அருகில் நிற்போரைப் பெரும்பாலும் சேர்வது இந்தச் சிதறல் கதிரே. தொலைவு இரு மடங்கானால் இதன் அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். படம் எடுக்கும்போது ஊழியர்கள் ஓர் அடி பின்வாங்குவது இதனால்தான். அது உங்களைக் கைவிட்டு விலகுவது அன்று.

உங்களுக்கு இது எப்போதாவது ஒருமுறை நிகழ்வது. அறுவை மருத்துவருக்கோ ஆண்டுதோறும் பல நூறு சிகிச்சைகள், அதுவும் பல்லாண்டுகள். சிறு சிறு அளவுகள் சேர்ந்து கண்புரை, புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டக்கூடும். ஆகவே அவர்கள் பின்வருவனவற்றைப் பின்பற்றுகின்றனர்:

• ஈயக் கவச உடை, தைராய்டு கவசம், ஈயக் கண்ணாடி அணிதல்.
• எக்ஸ்ரே குழாயை மேசைக்கு அடியில் வைத்தல். கதிர் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் மிகுதி. எனவே தலைக்கும் கண்ணுக்கும் செல்வது குறையும்.
• கதிர் அளவைப் பதிவு செய்யும் பட்டையை மார்பில், கவசத்தின் உட்புறம் அணிதல்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்ப் பணியாளர்களுக்குத் தொடர்ச்சியான 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வகுத்துள்ளது. ஒப்பீட்டிற்கு: இயற்கையிலிருந்து மனிதர் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட்.

எனக்கு ஏன் கவசம் இல்லை?

படம் எடுக்கும் இடத்தில் ஈயம் குறுக்கிட்டால் படம் மறையும். கருவி தானாகவே கதிரின் அளவைக் கூட்டவும் செய்யும். உடலுக்குள்ளேயே சிதறும் கதிரை மேலே போர்த்தும் ஈயம் தடுக்காது. உங்களுக்கான பாதுகாப்பு வேறு வழியில் அமைகிறது: தேவையான படங்களை மட்டும் எடுத்தல், கதிர்ப் பரப்பைச் சுருக்குதல், படம் பெறும் முனையை உடலுக்கு அருகில் வைத்தல், கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்திப் பார்த்தல்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கருவுற்றிருந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போயிருந்தாலோ அறுவைக்கு முன்பே தயங்காமல் தெரிவியுங்கள்.
• அண்மையில் ஆஞ்சியோபிளாஸ்டி போன்ற நீண்ட எக்ஸ்ரே சிகிச்சை செய்திருந்தால் அதையும் கூறுங்கள்.
• நீண்ட நேரம் எக்ஸ்ரே பயன்படுத்தப்பட்டிருந்தால், அடுத்த சில வாரங்களுக்குக் கதிர் பட்ட இடத்தின் தோலைக் கவனியுங்கள். முதுகை உறவினர் பார்ப்பது நல்லது. சிவத்தல், எரிச்சல், முடி உதிர்தல் தென்பட்டால் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் காட்டுங்கள். இது அரிது; ஆயினும் சாதாரணப் புண் என்று எண்ணிக் களிம்பு தடவிக் காலம் தாழ்த்த வேண்டாம்.
• குழந்தையைப் பிடித்துக்கொள்ளுமாறு உங்களிடம் கூறப்பட்டால், ஈயக் கவசம் கேட்டு அணியுங்கள். கருவுற்றவர்கள் அப்பணியை ஏற்க வேண்டாம்.

கருவி நின்றவுடன் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. சிகிச்சை முடிந்து வருபவரைத் தொடலாம், அருகில் அமரலாம். தாய் தன் குழந்தைக்குப் பாலூட்டுவதற்கு எக்ஸ்ரே தடையாகாது.

கதிர்வீச்சுக்கு அஞ்சித் தேவையான அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சரியாகச் சேராத எலும்பு தரும் ஊனம், பெரும்பாலும் அந்தச் சில படங்களின் சிறு பாதிப்பு வாய்ப்பைவிடப் பெரிது. ஐயம் இருப்பின், அறுவைக்கு ஒப்புதல் கையொப்பமிடும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.