குறும்பு என்னும் சொல்

குழந்தைகளின் விளையாட்டுத்தனமான தொல்லையை நாம் குறும்பு என்கிறோம். சொல்லும்போதே முகத்தில் புன்னகை தோன்றுகிறது. ஆனால் இச்சொல்லின் பூர்வ சரித்திரம் நகைப்புக்குரியதன்று. பழைய நூல்களிலே குறும்பு என்பது காட்டரண்; குறுநில மன்னர் பதுங்கிய சிற்றரண். திருவள்ளுவரும் ‘நாடு’ என்னும் அதிகாரத்தில், வேந்தனை வருத்தும் கொலைத்தொழிலாளரைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறார். அன்று அரசனை அலைக்கழித்த சொல் இன்று அன்னையை மட்டுமே அலைக்கழிக்கிறது! எந்தப் படையும் இதை அடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாய்மார் வாயில் பயின்றே இது சாதுவாயிற்று. பாஷையை ஆள்வோர் பொதுஜனங்களே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சேட்டையும் அவ்வாறே. வடமொழியில் சேஷ்டை என்றால் வெறும் செய்கை. விஷமம் என்றால் சமமின்மை. கொங்கு நாட்டார் குசும்பு என்பர். ஒரு செய்கைக்கு இத்தனை பெயரிட்ட ஜனங்கள் தம் குழந்தைகளை எவ்வளவு கூர்ந்து நோக்கியிருத்தல் வேண்டும்!

இச்செல்வம் எங்ஙனம் கரைகிறது என்பதை நெய்வேலியிலே காணலாம். 1930களில் அங்கே ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கரிய பொருள் வெளிப்பட்டது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின்சார உற்பத்தி ஆரம்பமாயிற்று. தேசத்துக்கு அது பெருநன்மையே, மறுப்பாரில்லை. ஆயினும் அகழ்ந்த மண்ணின் மேல் கிராமங்கள் இருந்தன. அவற்றின் குடிகள் பல திசைகளிலும் குடியேறினர். எழுந்த நகரியத்துக்கோ பல ஜில்லாக்களிலிருந்தும் மக்கள் வந்தனர். ஊர் கலைந்தால் ஊர்ப்பேச்சும் கலையும். 2023இல் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக வளர்ந்துநின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டபோது பெருங்கண்டனம் எழுந்தது. பயிர் அழிவதைக் கண்ணால் காண்கிறோம். சொல் அழிவதை யார் காண்கிறார்கள்?

அதிரியம் இழக்க வேண்டியதில்லை, வழிகாட்டிகள் இருக்கிறார்கள். கரிசல் மண்ணின் சொற்களைக் கி. ராஜநாராயணன் 1982இல் அகராதியாக்கினார். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் உழைத்துக்கொண்டே, 2007இல் நடுநாட்டுச் சொல்லகராதியை வெளியிட்டார். சர்வகலாசாலைகள் செய்ய வேண்டிய பணியை ஒரு தொழிலாளி செய்து காட்டினார். நெய்வேலியும் அந்த நடுநாட்டைச் சேர்ந்ததே.

ஒருவர் தொடங்கியதை ஊரார் தொடர வேண்டாமா? நகரியத்துப் பள்ளிகள் தம் மாணவரைக் குடிபெயர்ந்தோர் வாழும் ஊர்களுக்கு அனுப்பட்டும். பேரனின் குறும்பைப் பாட்டிமார் என்ன சொல்லிக் கடிகிறார்கள், என்ன சொல்லிக் கொஞ்சுகிறார்கள் என்று அவர்கள் எழுதி வரட்டும். நிலக்கரி தீர்ந்தால் வேறு எரிபொருள் தேடிக்கொள்ளலாம். பாட்டியோடு மறைந்த சொல்லை எந்தச் சுரங்கத்தில் தோண்டி எடுப்பது?